அஞ்சு ஏக்கருக்கு ஒரு வண்டி

அம்சவள்ளி: ...இதுல ஏறணும்னா முதல்ல ஒரு ஏணி வாங்கணும். அதுவும் இங்கியே விக்கிறாங்களான்னு கேளு.

தனசேகரன்: யக்கா, நீ பஸ்ஸ வுட்டு எறங்கி அஞ்சு நிமிசம்கூட ஆவல. அதுக்குள்ள ஆரம்பிச்சிட்ட.

அம்சவள்ளி: நீ காட்டற டிராக்டரு அப்பிடி. நமக்கு இருக்கறது களமருதூர்ல அஞ்சு ஏக்கரு. இது கள்ளக்குறிச்சி ஜில்லாவையே உழுதுட்டு, மிச்சத்துக்கு வெள்ளிமலை மேல ஏறும் போலக்குதே.

இளவரசன்: வணக்கங்க அக்கா. நான் இளவரசன், இங்க சேல்ஸ்ல இருக்கறேன். அண்ணன் காலையிலயே வந்துட்டாரு. எங்க அக்கா வந்து பாத்தாதான் முடிவுன்னு கண்டிசனா சொல்லிட்டாரு.

அம்சவள்ளி: எங்க தம்பியா சொன்னான்? ஆச்சரியந்தான். எங்க வூட்ல கொழம்புக்குப் புளி கரைக்கறதுக்குகூட என்னை ஒருத்தரும் கேட்டதில்ல.

தனசேகரன்: வந்ததும் வராததுமா ரம்யாவ இழுக்காதக்கா.

அம்சவள்ளி: நான் உன் பொண்டாட்டி பேரச் சொன்னேனா? கொழம்புன்னேன். உனக்கே தெரியுது பாரு.

இளவரசன்: அக்கா, இது இருபத்தெட்டு எச்.பி. நாலு சக்கரமும் இழுக்கும். பவர் ஸ்டீயரிங். ஒரு வெரலால திருப்பலாம்.

அம்சவள்ளி: எங்க தம்பிக்கு ஏத்ததுதான். அவன் ஒரு வெரலுக்கு மேல அசைச்சு நான் பாத்ததில்ல... அந்தாண்ட ஓரமா நிக்குதே, அது இன்னா?

இளவரசன்: அது பதினெட்டு எச்.பி. அக்கா. மினி.

தனசேகரன்: அதெல்லாம் வண்டியா? பசங்க ரிமோட் வச்சினு ஓட்டறது மாதிரி இருக்குது.

அம்சவள்ளி: நல்லதாப் போச்சு. நீ கட்டில்ல படுத்துகினே ஓட்டு.

தனசேகரன்: அத்த ஊருக்குள்ள ஓட்டினு போனா பிச்சைமுத்து கைகொட்டி சிரிப்பான்.

அம்சவள்ளி: பிச்சைமுத்து யாரு தெரியுமா தம்பி? எங்க ஊர்ல டிராக்டரு வச்சினு இருக்கற மகராசன். போன வருசம் இவன் அவரு வண்டிக்குப் பின்னாலயே 'அண்ணே... அண்ணே...'ன்னு ஓடினான். ஊரெல்லாம் நட்டு முடிச்சப்புறம் போனாப் போவுதுன்னு வந்து எங்க கழனிய உழுதாரு. நெல்லு முத்தறதுக்குள்ள மழை புடிச்சிகிச்சு. மொத்தமும் படுத்துச்சு. அந்தாளு சிரிக்கக் கூடாதாம், அதுக்கோசரம் பெரிசு வேணுமாம்.

தனசேகரன்: அதனாலதானே இப்ப சொந்தமா வாங்கறோம்.

அம்சவள்ளி: வாங்கு. ஆனா கழனிக்கு வாங்கு. பிச்சைமுத்துக்கு வாங்காத.

இளவரசன்: அக்கா சொல்றதும் சரிதாண்ணா. மினின்னா அகலம் கம்மி. கரும்பு வரிசைக்கு நடுவுல, பாருக்குள்ள பூந்து களை ஓட்டிட்டு வந்துடும். வெயிட்டும் கம்மி, சேத்துல பொதையாது. மூலையில சட்டுனு திரும்பும்.

அம்சவள்ளி: சின்ன எடத்துலயும் திரும்புமா?

இளவரசன்: வரப்போரமா வச்சே திருப்பலாம்க்கா.

தனசேகரன்: எதுக்கு சின்ன எடம்? நம்ப துண்டு ஒண்ணொண்ணும் ஒரு ஏக்கரு. திருக்கோவிலூர் பஸ்ஸையே உள்ள வுட்டுத் திருப்பலாம்.

அம்சவள்ளி: இன்னிக்கு இருக்கற மாதிரியே என்னிக்கும் இருக்குமா...

தனசேகரன்: இன்னா சொன்ன?

அம்சவள்ளி: ஒண்ணியும் இல்ல. பஸ்ஸுல வந்தது, தலை சுத்துது.

இளவரசன்: ஆனா ட்ரெய்லரு இழுக்கணும், மண்ணத் தூளாக்கற பெரிய ரோட்டவேட்டரு மாட்டணும்னா இருபத்தெட்டுதான் தாங்கும். அண்ணன் காலையில இருந்து அத்தத்தான் கேட்டுகினு இருந்தாரு. வாடகை ஓட்டினா ஒரு சீசனுக்கு எத்தினி...

தனசேகரன்: தம்பி, அத்த வுடு. இதுல டீசல் எம்மாம் புடிக்கும்?

அம்சவள்ளி: இரு இரு. வாடகையா? யாரு, நீ ஓட்டப் போறியா?

தனசேகரன்: சும்மா விசாரிச்சேன்.

அம்சவள்ளி: நம்ப கழனிக்கே ரெண்டு டீ குடிச்சி, கடையில பேப்பரு பாத்து, வெயில் ஏறினப்புறம் வர்ற ஆளு. ஊரான் கழனிக்கு விடியறதுக்கு முன்னால போயி நிக்கப் போறியா?

தனசேகரன்: மனுசன் திருந்தக் கூடாதா?

அம்சவள்ளி: தாராளமா. நீ திருந்தி நாலு மாசம் ஆவட்டும். அப்புறம் வண்டி வாங்கலாம்.

தனசேகரன்: ஒரு வாரம் உன் பொண்ணு வூட்ல இருந்துட்டு வந்தியே, அங்க சுபஸ்ரீ உனக்கு மாத்திர மருந்து எதனா குடுத்தாளா? வாய் முன்ன விட ஜாஸ்தியா இருக்குது.

அம்சவள்ளி: ஒரு வாரம் அங்க பேச ஆளு இல்ல. சேத்து வச்சினு வந்துருக்கறேன். ஆமா, நானே கேக்கணும்னு இருந்தேன். போன் பண்ணா ரம்யா ஏன் வச்சிடறா?

தனசேகரன்: வச்சிடறாளா?

அம்சவள்ளி: 'கழனில இருக்கறேன் அண்ணி, அப்புறம் பேசறேன்'றா. ஒரு தபா இல்ல, மூணு நாலு தபா. அவ எந்தக் காலத்துல கழனிக்கு வந்தா? சேறு பட்டா வெரலு கரைஞ்சிடும்னு இருந்தவ.

தனசேகரன்: அது... மாட்டுக்குப் புல்லு அறுக்கப் போயிருப்பா.

அம்சவள்ளி: மாட்டத்தான் போன தையிலயே வித்துட்டோமே.

தனசேகரன்: ...அப்ப ஆட்டுக்கு.

அம்சவள்ளி: நல்ல வேளை, யானைக்குன்னு சொல்லல.

இளவரசன்: அண்ணா, அக்கா... எதுன்னு முடிவு பண்ணிட்டா பேரு பதிஞ்சிடலாம். யாரு பேர்ல எடுக்கறீங்க?

தனசேகரன்: என் பேர்லதான்.

இளவரசன்: ஒண்ணு சொல்லட்டுங்களா? அக்கா பேர்ல எடுத்தா மானியம் கொஞ்சம் ஜாஸ்தி கெடைக்கும். பொம்பளைங்க விவசாயம் பண்ணா அப்பிடி ஒரு சலுகை இருக்குது. நெலம் மட்டும் அவுங்க பேர்ல இருக்கணும்.

தனசேகரன்: தம்பி, இதுக்கு டயரு கேரண்டி எத்தினி வருசம்?

இளவரசன்: ஏங்க்கா? உங்க பேர்ல நெலம்...

அம்சவள்ளி: எங்கப்பா பேர்ல இருக்குது தம்பி. அவரு செத்து பன்னெண்டு வருசம் ஆச்சு. நெலத்துக்கு மட்டும் அவரு இன்னும் சாவல.

இளவரசன்: அப்ப ரெண்டு பேருக்கும் பாகம் பிரிக்காம...

தனசேகரன்: தம்பி, இங்க டீ நல்லா எங்க கெடைக்கும்?

இளவரசன்: உள்ளயே மிசின் இருக்குதுங்கண்ணா.

தனசேகரன்: மிசின் டீ அக்காவுக்கு ஆவாது. முக்குக் கடையில இருந்து வாங்கினு வா. மெதுவா வா... ஒண்ணும் அவசரம் இல்ல.

இளவரசன்: ...சரிங்கண்ணா.

அம்சவள்ளி: பாவம், அந்தப் புள்ளய வெரட்டிட்ட. பாகம்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு.

தனசேகரன்: நான் எங்க வெரட்டினேன்? டீ கேட்டேன்.

அம்சவள்ளி: உனக்கு அந்த வார்த்தை கேட்டா தொண்டை காயும். தெரியும் எனக்கு.

தனசேகரன்: உனக்கு எல்லாம் தெரியும்.

அம்சவள்ளி: சேகரு... நான் ஒண்ணு சொல்றேன். நடுவுல பேசாத.

தனசேகரன்: நீ பேசும்போது நடுவுல பேச எடம் எங்க இருக்குது?

அம்சவள்ளி: பாத்தியா, பேசற.

தனசேகரன்: சரி. சொல்லு.

அம்சவள்ளி: எங்க வூட்டுக்காரரு செத்துப் போனப்புறம் நான் அப்பா வூட்டுக்குத் திரும்பி வந்தப்ப சுபஸ்ரீ இடுப்புல இருந்தா. அன்னில இருந்து அந்தக் கழனில நானும் குனிஞ்சேன், நிமுந்தேன். நீ சோறு இல்லன்னு சொன்னதில்ல. அத்த நான் மறக்கல. ஆனா இந்த வாட்டி என் பொண்ணு கேக்கறா... 'ம்மா, மாமாவுக்கு எதனா ஒண்ணு ஆனா, நீ எந்த வூட்ல இருப்ப'ன்னு. அம்மாம் வாயி இருக்கறவ, பேச்ச மாத்திட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போயிட்டேன், சேகரு.

தனசேகரன்: ...ம்.

அம்சவள்ளி: அதனால... திருக்கோவிலூர்ல ஒரு வக்கீலப் போயி பாத்தேன்.

தனசேகரன்: இன்னா சொன்னாரு?

அம்சவள்ளி: சரிபாதின்னாரு. நோட்டீசு அனுப்பட்டுமான்னாரு. வேணாம், எங்க தம்பி, நான் வாயாலயே கேக்கறேன்னுட்டு வந்துட்டேன். பஸ்ஸுல வழியெல்லாம் எப்பிடிக் கேக்கறதுன்னு பேசிகினே வந்தேன். பக்கத்துல உக்காந்து இருந்த பொம்பள எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டா.

தனசேகரன்: அவ தப்பிச்சா.

அம்சவள்ளி: சிரிக்காத. இதுக்குத்தான் சின்ன வண்டி கேட்டேன். ரெண்டரை ஏக்கருக்கு எனக்கு அது போதும், கிளட்சும் லேசா இருக்கும், நானே ஓட்டிக்குவேன். நீ பெரிசா வாங்கிட்டா, நாளைக்குப் பாகம் பிரிஞ்சப்புறம் உழவுக்கு உன் வூட்டு வாசல்ல வந்து நிக்கணும். பிச்சைமுத்துவாண்ட நின்ன மாதிரி. அது என்னால ஆவாது... இன்னாடா, ஒண்ணும் பேச மாட்டேன்ற. கோவமா? திட்டறதுன்னா அந்தப் புள்ள டீ எடுத்துனு வர்றதுக்குள்ள திட்டிடு.

தனசேகரன்: நடுவுல பேசாதன்னு சொன்னியே, அதான் முடியட்டும்னு இருந்தேன். நீ பொண்ணு வூட்டுக்கு பஸ் ஏறின மறுநாளே சர்வேயரு வந்து அளந்துட்டுப் போயிட்டாரு. நடுவுல கல்லு நட்டாச்சு. கெணத்துப் பக்கம் உன்னுது. மிச்சம் இருக்கற ரெண்டரை ஏக்கர வச்சினு நாங்க நாலு பேரு இன்னாத்த துன்றது, அதான் ஊருக்கு வாடகை ஓட்டலாம்னு பெரிசு பாத்துகினு இருக்கறேன். நீ வந்து கண்ணால பாக்கறதுக்கு முன்ன சொல்லக் கூடாதுன்னுட்டா ரம்யா. அதனாலதான் போன வச்சா... அவதான் டேப்பு புடிச்சினு சேத்துல நின்னா. கல்லு எங்க பக்கம் அரை அடி உள்ள வந்துடுச்சாம், அதுக்கு இன்னும் அந்த சர்வேயர திட்டிகினு இருக்கறா. வூட்டுக்கு வந்து நீயே அவளச் சமாதானம் பண்ணு.