பூமணி மாமி வந்திருக்கிறா

சறோஜினி: ...வேலணையில பஸ்ஸில ஏறின அந்த மனுசி, எனக்குப் பக்கத்தில இருக்கமாட்டன் எண்டு எழும்பிப் போட்டுது பிள்ளை. இஞ்சை இறுப்பிட்டி வாற மட்டும் நிண்டுகொண்டே வந்தது.

லக்சிகா: ஐயோ... என்னவாம் மாமி?

சறோஜினி: "மருமோளின்ர கையில கொதிக்கிற தேத்தண்ணி ஊத்தினவள்தானே நீ" எண்டுது. அது நாடகம் அம்மா, ஊத்தினது பச்சைத் தண்ணி எண்டன். கேட்டால்தானே!

லக்சிகா: நீங்கள் சிரிக்கிறீங்கள்...

சறோஜினி: பின்னை அழவோ? யூரியூப்பில பூமணி மாமியா நடிக்கத் தொடங்கின நாளில இருந்து எனக்கு இதுதானே சீவியம்.

லக்சிகா: ஏன் வாசலிலையே நிக்கிறீங்கள்? வந்து கதிரையில இருங்கோ.

சறோஜினி: இந்த வீட்டில எனக்குக் கதிரை கிடைக்குமோ எண்டுதான் பாலம் தாண்டேக்கையும் யோசிச்சனான்.

லக்சிகா: அப்பிடிச் சொல்லாதேங்கோ... நீங்கள் வந்தது மிரோஜனுக்குத் தெரியுமோ?

சறோஜினி: சொன்னா விடான். என்ர பிள்ளை ஒரு கிழமையா வடிவாச் சாப்பிடுறானில்லை. "லக்சிகாவின்ர அம்மா கலியாணம் வேண்டாம் எண்டிட்டாவாம், உங்கட நாடகத்தாலதான்" எண்டான்.

லக்சிகா: ஓம்... அம்மா கொஞ்சம்... பயப்பிடுறா.

சறோஜினி: பயப்பிடுவினம்தானே. மூண்டு வருசமா ஒவ்வொரு வெள்ளியும் ஒரு மருமோளைப் போட்டு வதைக்கிறன். அம்மா எங்கை?

லக்சிகா: நயினாதீவுக் கோயிலுக்குப் போட்டா. பின்னேரம்தான் வருவா.

சறோஜினி: அப்பிடியோ...

அன்ரனிட்டா: லக்சி! எடி லக்சி! உங்கட வீட்டுக்குள்ள போனது பூமணி மாமியோ?

லக்சிகா: பக்கத்து வீட்டு அன்ரனிட்டா அக்கா. குறை நினையாதேங்கோ மாமி...

அன்ரனிட்டா: மாதாவே, அவவேதான்! மாமி, ஒருக்கா ஏசுங்கோ. வீடியோ எடுத்துச் சுவிசில இருக்கிற தங்கச்சிக்கு அனுப்பவேணும்.

சறோஜினி: இப்ப வேண்டாமே பிள்ளை. நான் வந்தது...

அன்ரனிட்டா: ஒரே ஒருக்கா! அந்த உலை ஏச்சு!

சறோஜினி: ...சரி, பிடியும். "என்னடி, மூலைக்க இருந்து மூக்குச் சிந்துறாய்? அழுதா உலை கொதிக்குமோ? எழும்படி!"

அன்ரனிட்டா: ஐயோ, கையெல்லாம் புல்லரிச்சுப் போச்சு! நல்லா இருப்பியள் மாமி. அந்தப் பாவப்பட்ட பிள்ளையை மட்டும் இனி விட்டிடுங்கோ. நான் வாறன் லக்சி!

சறோஜினி: போயிட்டு வாரும்... லக்சிகா, ஏன் பிள்ளை சுவரோட ஒட்டிக்கொண்டு நிக்கிறீர்?

லக்சிகா: ஒண்டுமில்லை... கிட்ட நிண்டு கேக்க... வேற ஆளா மாறிப்போட்டீங்கள்.

சறோஜினி: பயந்திட்டீர்.

லக்சிகா: இல்லை, நான்... மாமி, ஏன் எழும்பி வாசலுக்குப் போறீங்கள்?

சறோஜினி: அந்த வசனம் சொன்னா எனக்கு இருந்த இடத்தில இருக்கேலாது. கொஞ்சத்தில சரியாயிடும். ஒரு மிடறு தண்ணி தாரும்.

லக்சிகா: இந்தாங்கோ... அதை ஆர் மாமி எழுதினது?

சறோஜினி: எழுதுறவர் "மாமி ஏசுகிறா" எண்டு மட்டும்தான் எழுதுவார். மிச்சம் நான் சொல்லுறது.

லக்சிகா: எப்பிடி உங்களுக்கு உப்பிடியெல்லாம் வருது? நீங்கள் வீட்டுப் பூனையோடயே மரியாதையாத்தான் கதைப்பியளாம். மிரோஜன் சொல்லுறவர்.

சறோஜினி: அதையும் சொல்லிப்போட்டானோ!

லக்சிகா: சொல்லுங்கோ மாமி.

சறோஜினி: ...அது நானா யோசிச்சதில்லை பிள்ளை. எனக்குச் சொன்னது.

லக்சிகா: ஆர்?

சறோஜினி: என்ர மாமி. நான் நெடுந்தீவுப் பிள்ளை. கரம்பொன்னுக்குக் கலியாணம் கட்டி வந்து ஏழாம் மாசம் என்னைப் பெத்த அப்பு செத்துப்போனார். நாட்டில சண்டை தொடங்கின நேரம். செய்தியே நாலு நாள் கழிச்சுத்தான் வந்தது. போக வள்ளம் இல்லை. குசினி மூலைக்க இருந்து அழுதனான். மாமி வாசலில வந்து நிண்டு...

லக்சிகா: அழுதா உலை கொதிக்குமோ எண்டு...

சறோஜினி: ஓம். எழும்பி உலை வைச்சனான்.

லக்சிகா: கடவுளே... நீங்கள் ஒண்டும் திருப்பிச் சொல்லேல்லையோ?

சறோஜினி: எனக்கு வாய் வராது. அவ கண்மூடுற மட்டும் வரேல்லை. கடைசி ரெண்டு வருசம் படுக்கையில கிடந்தவ. நான்தான் சோறு தீத்தினது.

லக்சிகா: அப்ப ஏன் மாமி அந்த வேசத்தைப் போடுறீங்கள்? அந்தக் கதையளைத் திரும்பத் திரும்ப...

சறோஜினி: முதல் நாள் என்னை அறியாமல் வாயில வந்திட்டுது. பிறகு, பாத்த சனம் எழுதினதை வாசிச்சன். "அந்தப் பிள்ளையை விடடி." "அவளும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே." "உனக்கு நல்ல சாவு வராது." ஆயிரக்கணக்கில பிள்ளை! விடிய இருந்து மத்தியானம் மட்டும் ஒண்டும் விடாமல் வாசிச்சன்.

லக்சிகா: மனம் நொந்திருக்குமே.

சறோஜினி: இல்லை... அண்டைக்குக் குசினிக்க இருந்தவளுக்காக ஆரும் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. இப்ப ஊருலகமெல்லாம் கதைக்குது. அவை என்னை ஏசேக்க... எனக்காக ஆரோ ஏசுறமாதிரி இருக்கும்.

லக்சிகா: மிரோஜனுக்கு இது தெரியுமோ?

சறோஜினி: தெரியாது. அவனுக்கு அப்பம்மா எண்டா உயிர். அவவுக்கும் அவனிலதான் உயிர். அது பொய்யில்லைத்தானே? அப்பிடியே இருக்கட்டும். நீரும் சொல்லவேண்டாம்.

லக்சிகா: சொல்லமாட்டன் மாமி...

சறோஜினி: கண்ணைத் துடையும்... இல்லை, அழவேணும் எண்டா அழும். இஞ்சை ஒருத்தரும் உம்மை உலை வைக்கச் சொல்லேல்லை.

லக்சிகா: போங்கோ மாமி! அழுறவளைச் சிரிக்கப் பண்ணிக்கொண்டு...

சறோஜினி: அம்மா வந்தோடனை நான் அவவோட கதைக்கிறன். பயம் தெளியுற மட்டும் கதைக்கிறன். சரியோ?

லக்சிகா: மாமி... நான் ஒரு பொய் சொல்லிப்போட்டன்.

சறோஜினி: ம்...

லக்சிகா: அம்மா வேண்டாம் எண்டு சொல்லேல்லை. அவவுக்கு விருப்பம். நான்தான் மிரோஜனிட்ட அம்மாவைச் சாட்டிக் கதைச்சனான். வெள்ளிக்கிழமையில நாடகம் பாத்துப்போட்டுப் படுத்தா எனக்கு நித்திரை வராது... பயந்தது நான்தான் மாமி.

சறோஜினி: தெரியும் பிள்ளை. அம்மா முந்தநாளே போன் எடுத்துச் சொன்னவ. தான் கோயிலுக்குப் போற நேரம் வந்து உம்மோட தனியக் கதைக்கச் சொன்னதும் அவதான். நானும் உம்மட வயசில பயந்து பயந்துதான் கரம்பொன்னுக்கு வந்தனான்... அப்ப ஒருத்தரும் வந்து என்னோட கதைக்கேல்லை.