சங்கு போட்ட கார்டு

அதெப்படி அண்ணாச்சி, ஏலம்னு ஒண்ண விட்டா முடிக்காண்டாமா? விக்க வந்தவனே பாதியில சரக்க எடுத்து மடியில கட்டிக்கிட்டுப் போயிருதான்! கேக்க ஆளில்ல. ‘விற்பனை ரத்து’ன்னு ஒரு வரி... அம்புட்டுதான். மூணாவது தடவ அண்ணாச்சி இது. மூணாவது தடவ!

இல்ல இல்ல, மாந்தோப்பு ஏலமில்ல. கம்ப்யூட்டர் ஏலம். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில பிரவுசிங் சென்டர் வந்திருக்குல்லா, அங்கன போயி உக்காந்தா அமெரிக்காக்காரன் வீட்டுப் பழைய சாமான் பூரா தெரியும். என் பேரு கிருபைராஜ். விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லுல டைம் ஆபீஸ்ல இருக்கேன். ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சதும் ரயிலேறி வந்துட்டு, இப்படி இந்த செங்கோட்ட ரயில்லயே திரும்பிருவேன். வீட்டுக்காரி லில்லி, நான் ஜெபக்கூட்டத்துக்குப் போறேன்னு நெனச்சுக்கிட்டிருக்கா... நெனச்சுக்கிடட்டும்.

எதுக்கா? ஒரு தபால் கார்டுக்கு! சிரிக்காதிய. செங்கோட்ட முந்தி திருவிதாங்கூர் ராஜா சீமைலா? அங்க நம்ம தபாலாபீசு கெடையாது, ராஜாவோட சொந்த அஞ்சலாபீசு. கார்டுல சங்கு போட்டிருக்கும். அதுல செங்கோட்ட முத்திர விழுந்த கார்டு ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு... பதினோரு வருசமா தேடுதேன். அடுத்த மாசம் பாளையங்கோட்டையில பழைய ஸ்டாம்பு, கார்டு சேக்குதவங்க கண்காட்சி. என் பலகையில ராஜா சீமையில உள்ள எல்லா ஊரு முத்திரையும் இருக்கு. செங்கோட்ட எடம் மட்டும் பல்லு விழுந்த மாதிரி காலி. போன வருசம் வைத்தீஸ்வரன் சார், ரிட்டையர்டு வாத்தியாரு, ரெண்டு தடவ கப்பு வாங்குனவரு, அந்தக் காலி எடத்துல வெரல வச்சு, “கிருபை, இது என்ன ஜன்னலா?”ன்னாரு. நூறு பேரு முன்னால! அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல அண்ணாச்சி.

இப்ப பாருங்க, ஒருத்தன் ‘பழைய இந்தியக் கார்டு’ன்னு ரெண்டு டாலருக்குப் போட்டிருக்கான். படத்த உத்துப் பாத்தா... செங்கோட்ட! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ரெண்டேகால்னு கேட்டேன். எதுத்துக் கேக்க ஒரு நாதியில்ல. துபாய்ல இருக்க மச்சினன் பணம் கட்டுதேன்னுட்டான். பெறகென்ன, இன்னைக்கு ஆசையாப் போயித் தொறக்கேன்... ரத்து! முந்துன ரெண்டும் இதே கததான். வெளங்குவானுவளா?

எங்க கோயில் அறுப்பின் பண்டிகை ஏலத்த வந்து பாருங்க. காணிக்கையாக் குடுத்த கோழிய, “எனக்கே வேணும்”னு எவனாவது திருப்பிக் கேப்பானா? கேக்குத நாங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. “அடேயப்பா, என்னா கோழி! தெனம் ஒரு முட்ட போடும்!”னு புகழ்ந்து புகழ்ந்துதான் ஏத்துவோம். கோயிலுக்குப் போற துட்டுல்லா. அந்த மரியாதயத்தான் இவனுவளுக்கும் செஞ்சேன்.

என்ன செஞ்சேனா? ஏலம் கேட்ட கையோட ஒரு மெயில். ரெண்டு பக்கம், டிக்சனரிய வச்சுக்கிட்டு! ‘ஐயா, தாங்கள் வைத்திருப்பது சாதாரணக் கார்டு அல்ல. உலகத்திலேயே ஐந்தாறுதான் இருக்கும். நூறு டாலர் பெறும். ஆகவே நல்ல அட்டை வைத்து அனுப்பவும்...’

ஏன் அண்ணாச்சி அப்படிப் பாக்கிய? ஆமா, மூணு பேருக்கும்தான் போட்டேன். ரத்தான தேதியா? இருங்க, குறிச்சு வச்சிருக்கேன்... நான் மெயில் போட்ட மறுநாளு. இது... இதுவும் மறுநாளு. இது...

அடக் கர்த்தாவே! என் வாயால நானேல்லா கெடுத்திருக்கேன்! லில்லி கேட்டா சிரிச்சே உசிர விட்டுருவா.

சரி, போட்டும். புத்தி வந்துட்டு. இனிமே எவங்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். அது கெடக்கட்டும், நீங்க எதுவரைக்கும் போறிய? செங்கோட்டைக்கா! பூர்வீக வீட்ட இடிக்கவா? சரி... பரணுல தகரப்பெட்டியா... பழைய கடுதாசியா... சங்கு போட்டதா?! பேப்பர்க்காரனுக்கு எட போடலாம்னா இருந்திய?

அண்ணாச்சி... ஒரு நிமிசம். அதெல்லாம் ஒண்ணுக்கும் ஆகாது அண்ணாச்சி. கரையான் அரிச்சிருக்கும். முத்திர தெரியாது. நூறு டாலர்னது சும்மா, பேச்சுக்குச் சொன்னது... ஏன் எந்திரிக்கிய? இது சேரன்மாதேவிலா! செங்கோட்டைக்கு இன்னும் எவ்வளவு தூரம் கெடக்கு! பைய, பைய... அங்கன எங்க, அடுத்த பெட்டியிலயா ஏறுதிய? ஏ அண்ணாச்சி! பேரையாவது சொல்லிட்டுப் போங்க!