வேலை நேரத்தில் மேகம்

ஏழாயிரம்பண்ணைக்குப் போகும் காலைப் பேருந்து. முன் இருக்கையில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். வெளியே கரிசல் காட்டின் மேல் பனி இன்னும் விலகவில்லை.

“நேத்து வேலை நேரத்துல வேம்படியில உக்காந்து மேகம் பாத்தேன்க்கா,” என்றாள் இளையவள்.

“ஏன்டி?”

“வெடிமருந்து ரூமுல அளவுக்கு மேல ஆள விட்டாக. எந்திரிச்சு வெளிய வந்துட்டேன். போர்மேன் உள்ள போன்னு வஞ்சாரு. ஆளக் குறைங்க, வாரேன்னேன்.”

“குறைச்சாரா?”

“பொழுது சாயத்தான் குறைச்சாரு. அதுவரைக்கும் பயந்தான். ஆனா எம் உசுரு எங் கையில இருந்த மாதிரி, லேசா இருந்துச்சு.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“எங்க ரூமுலயும் அம்புட்டுப் பேரு இருக்கோம். அடுத்தவாட்டி நீ எந்திரிச்சா என்னையும் கூப்பிடுடி.”

“கூப்பிட மாட்டேன்க்கா. நீங்களா எந்திரிச்சு வாங்க.”