பெல்ட் அறுந்து போகவில்லை

டீ நன்றாக இருக்கிறது ஐயா, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். என் கடைக்கு வந்தீர்கள் என்றால் அளவாகப் போட்டுத் தருவேன். எனக்கு எதிலும் அளவு முக்கியம்.

கூப்பிடாமலேயே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறானே என்று நீங்கள் பார்ப்பது புரிகிறது. என் தங்கை புருஷன் செத்ததற்கு என் கடை பெல்ட் அறுந்ததுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அதை அவளிடமும் சொல்லிவிட்டீர்கள். அன்றிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. இப்போதுகூட அவருடைய வாட்சையும் செருப்பையும் வாங்கிப் போக வந்து வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே வரும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைச் சரிசெய்யத்தான் வந்தேன்.

காட்டிலும் சேற்றிலும் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு நான் சாமான் விற்கிறேன். வண்டி மாட்டிக்கொண்டால் இன்னொரு வண்டியை வைத்து இழுக்கிற பெல்ட், கொக்கி, வளையம், எல்லாம் வைத்திருக்கிறேன். வண்டி என்ன எடை, உள்ளே எத்தனை பேர், எதில் மாட்டுவீர்கள் என்று கேட்காமல் ஒரு பெல்ட்டைக்கூட ஆணியிலிருந்து எடுக்க மாட்டேன். லோன் கொடுக்கிற பேங்கில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள் என்று மாப்பிள்ளை கேலி பண்ணுவார்.

மாப்பிள்ளை தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, நான் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிராகத்தான் செய்வார். குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்றால் தொப்பலாக நனைந்து வருவார். அந்தச் சந்தில் வண்டி திரும்பாது என்றால் அதில்தான் நுழைவார். அப்புறம் கதவில் விழுந்த கீறலை என்னிடமே காட்டி, "பாத்தீங்களா மச்சான், திரும்பிடுச்சுல்ல" என்பார். தங்கை புருஷன், வாங்க போங்க என்றுதான் பேசியாக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு காபி கொடுப்பேன்.

அவருக்கு நல்ல பெல்ட் ஒன்றைக் கொடுக்க ஆசைப்பட்டு, ஒருநாள் பேச்சை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். "இது உங்களுக்கு வேணாம் மாப்பிள்ளை, ரொம்ப கனம்" என்றேன். அதையே தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கடையிலேயே ஆகச் சிறந்த பெல்ட் ஐயா அது. ரப்பர் மாதிரி நீண்டு, சுருங்குகிற வேகத்தில் சேற்றிலிருந்து வண்டியைப் பிடுங்கி எடுத்துவிடும். அவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

எனக்கு 'வேணாம் மச்சான்' என்று பேர் வைத்ததும் அவர்தான். வாடிக்கையாளர்கள் போனிலேயே "வேணாம் மச்சான் கடையா" என்று கேட்கத் தொடங்கினார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன். பிறகு ஒருநாள் தங்கை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் கரண்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, என் குரலிலேயே, "இது எத்தனை டன் தாங்கும்? எதுல மாட்டுவீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள், புரையேறும் வரைக்கும் சிரித்தாள். சின்ன வயதில் நான் சரி என்று சொன்னால்தான் ரோட்டைக் கடப்பாள் ஐயா அவள். மோர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மேஜைமேல் கவரில் ஒரு இரும்புக் குண்டு வைத்திருக்கிறீர்களே, அதை அவர் வண்டியின் பாகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது என்னுடையது. டிரெய்லர் மாட்டுவதற்காக வண்டியின் பின்னால் வைப்பது. நிதானமாக இழுக்கிற பாரத்தைத் தாங்கும், அவ்வளவுதான். நீளுகிற பெல்ட்டை அதில் மாட்டி வெடுக்கென்று இழுத்தால் குண்டைத் தாங்குகிற கழுத்து முறிந்துவிடும். பெல்ட் சுருங்குகிற வேகத்தில் குண்டு நேராகப் பின்னால் நிற்கிற வண்டியின் முன்கண்ணாடிக்குப் போகும். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். சேற்றுக்குப் போகும்போது என் வண்டியில் அதை நான் வைத்ததே கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். கழுத்தில் துருவேறியதாகப் பார்த்துத் தேடி எடுத்து வைத்தேன். பெல்ட் மாட்ட வேண்டிய வளையமும் பக்கத்திலேயே இருந்தது. நான் யாரையும் கட்டாயப்படுத்துகிறவன் இல்லை.

அங்கே போனதும், "மாப்பிள்ளை, அந்தப் பள்ளத்துல மட்டும் எறங்காதீங்க" என்றேன். இறங்கினார். கதவு வரைக்கும் சேறு. என்னிடம் வாங்கிய அந்தப் பெல்ட்டின் ஒரு முனையைத் தன் வண்டியின் முன்னால் மாட்டிவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு என் வண்டிக்கு வந்தார்.

"வளையத்துல மாட்டுங்க மாப்பிள்ளை, குண்டுல வேணாம்" என்றேன், கூட வந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "அது பிச்சுக்கிட்டு வந்துச்சுன்னா ஆளே காலி."

"வேணாம் மச்சான் ஆரம்பிச்சுட்டாருப்பா" என்று மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். குண்டில் மாட்டினார். இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போய், தன் வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

கூட வந்தவர்களையெல்லாம் தூரத்து மரத்தடிக்குப் போகச் சொன்னேன். ஒருத்தர் போட்டோ எடுக்கிறேன் என்று கிட்டே வந்தார், அதட்டி விரட்டினேன். பாதுகாப்பு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

முதல் தடவை மெதுவாகத்தான் இழுத்தேன். வண்டி அசையவில்லை. அப்போதே இறங்கிப் போய் மாற்றி மாட்டியிருக்கலாம், கதவில் கைகூட வைத்தேன். அதற்குள் மாப்பிள்ளை தலையை வெளியே நீட்டி, "என்ன மச்சான், வண்டிக்கும் பயமா? நல்லா வேகமா எடுங்க" என்றார். கையை எடுத்துவிட்டேன். அவர் பேச்சைக் கேட்டு நான் ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை.

பெரிய சத்தமெல்லாம் இல்லை ஐயா. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தேன், அப்புறம் பார்க்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் இருக்கிற பெல்ட்டின் முனையைத் தொட்டுப் பாருங்கள். மழமழவென்று இருக்கும். அவரை வெளியே எடுக்க வந்தவர்கள் குறுக்கே கிடக்கிறதென்று கத்தியால் வெட்டிப் போட்டார்கள். இழுத்து அறுந்திருந்தால் நுனி தும்பு தும்பாகப் பிரிந்து நிற்கும். அவ்வளவு இழுப்புக்கும் ஒரு நூல்கூட விடவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். குண்டை வைத்தது நான். அவர் எதைச் செய்வார் என்று தெரிந்துதான் வேண்டாம் என்றேன். தெரிந்துதான் இழுத்தேன். கொலை என்றே போடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கையெழுத்துப் போட்டதும் தங்கச்சியை உள்ளே கூப்பிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் நம்ப மாட்டாள். கொஞ்ச நேரம் அழுவாள், அழட்டும். பெல்ட்டில் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்துவிட்டால் என்னிடம் பேசிவிடுவாள்.