உம்மாவின் கவி கொழும்புக்குப் போகிறது

கல்முனையில் பஸ் புறப்பட்டதும், எனக்கு முன் ஆசனத்தில் இருந்த இரண்டு ஆசிரியைகளில் ஒருத்தி சொன்னாள்: "என்ட உம்மாவ அந்த டீச்சர் களவெடுத்துட்டா."

மற்றவள் சிரித்துவிட்டாள். "என்னகா கதைக்கிறாய்?"

"பக்கத்து ஸ்கூலுக்குப் புதுசா வந்த மியூசிக் டீச்சரத்தான் சொல்றன். உம்மாவ வகுப்புக்குக் கூட்டிப்போய் நாட்டார் கவி படிக்க வெச்சி, புள்ளையள்ற கிற்றாரோட சேத்துட்டா. சுதந்திர தினத்துக்கு உம்மாவும் புள்ளையளும் கொழும்புல பாடப் போறாங்களாம். அதுதான் நம்மட நாட்டு இசையாம்!"

"நீயும் மியூசிக் டீச்சர்தானே? நீ ஏன் செய்யல்ல?"

"நான் கீபோட் படிச்சவள். உம்மா குசினிக்குள்ள சமைச்சிக்கிட்டுக் கவி படிக்கிறதும் சங்கீதம்தான் எண்டு எனக்கு ஆரு படிச்சித் தந்தா?"

"பாட்டு நல்லாரிக்கா?"

"நல்லாரிக்கிறதாலதான் எரியுது. உம்மா இப்ப அவவ 'மகள்' எண்டு கூப்பிடுறா."

மருதமுனையில் இறங்குவதற்காக எழுந்த முதலாமவள், கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"தூரப் பயணம் போனா உம்மாக்குத் தல சுத்தி, வயித்தப் பொரட்டிச் சத்தி வரும். அது அந்த டீச்சருக்குத் தெரியுமா?"

"அப்ப நீயும் கூடப் போகலாந்தானே."

"என்னய ஆரும் கூப்பிடல்லயே" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள்.