குளவி கட்டிய குழாய்

எங்கள் சின்னமனூர்ப் பக்கம் குளவி மண்கூடு கட்டினால் யாரும் உடைக்கமாட்டோம் இன்ஸ்பெக்டர் ஐயா. பிள்ளை பிறக்கும் என்று ஒரு நம்பிக்கை. என் மனைவி மொக்கம்மாளுக்கு அதில் ரொம்பவே பிடிப்பு. அதோடு, முழுகாமல் இருப்பவளின் புருஷன் எந்த உயிரையும் கொல்லக்கூடாது என்பார்கள். விமானக் குழாயில் மண்ணை ஏன் விட்டுவைத்தாய் என்று காரணம் கேட்டீர்கள், சொல்கிறேன்.

எஸ்டேட் முதலாளியின் விமானத்துக்கு நான் மெக்கானிக். ஓட்டுபவர் ஞானதுரை, போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. நல்ல மனிதர். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான்.

"ஒங்க வீட்டுப் புளிக்கொழம்பு வாசத்துக்கு விமானமே தன்னால எறங்கிருது ராக்கையா" என்று சிரிப்பார்.

நான் இன்ஜின் வேலை கற்க ஊர்ப்பக்கமே வராமல் ஐந்து மாதம் சென்னையில் இருந்தபோதும் அந்தச் சாப்பாடு நிற்கவில்லை. திரும்பி வந்தேன். மொக்கம்மாளுக்கு அப்போது மூன்றாம் மாதம்.

விமானத்தின் இறக்கைக்கு அடியில் ஒரு சிறு குழாய் உண்டு. எதிர்க்காற்று அதற்குள் நுழைந்தால்தான் வேகம் காட்டும் முள் சரியாக நகரும். அன்று காலை அதன் கிழிந்த உறையைக் கழற்றினேன். வாயில் குளவி மண் வைத்திருந்தது. ஊசி நுழையும் அளவுக்குத்தான் துளை மிச்சம். ஒரு குச்சி போதும். நான் தொடவில்லை.

"கொழாயப் பாத்தியாப்பா?" என்று விமானத்தில் ஏறும்போது ஞானதுரை கேட்டார்.

"பாத்தேன் சார்."

பார்த்தது உண்மைதானே.

முன்பு ஒருமுறை அவரிடம் கேட்டிருக்கிறேன்.

"முள்ளு செத்துப்போனா என்ன சார் செய்வீக?"

"காது இருக்குல்ல. றெக்கக் கம்பில காத்து பாடுறத வச்சே எறக்கிருவேன்."

"மேகத்துக்குள்ள?"

"அங்கன கர்த்தர் பாத்துக்கிருவாரு."

அன்று மேகமலையே தெரியவில்லை, அவ்வளவு மேகம். தரையில் முள் ஒழுங்காகத்தான் நகர்ந்திருக்கும். மேலே ஈரத்தில் மண் கரைந்து துளை அடைபட்டால், உயரம் ஏற ஏற முள்ளும் ஏறும்; வேகம் கூடுவதாகக் காட்டும். அதை நம்பி மூக்கைத் தூக்கினால் விமானம் காற்றில் நிற்காது.

கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இன்ஜினைக் குறைத்தார். பிறகு சட்டென்று கூட்டினார். முள் காட்டுவது பொய் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் காதை வைத்து நன்றாகவே சமாளித்தார். இறங்கிவிடுவார் என்றுகூட நினைத்தேன். அப்புறம் சத்தம் நின்றுபோனது.

அடிவாரத்திலிருந்து அவரைத் தூக்கி வந்தவர்களில் நானும் ஒருவன்.

நீங்கள் கொலை என்கிறீர்கள். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் குளவிக்கூட்டை உடைக்காமல் விட்டான், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு வாசல் நிலைக்கு மேலே இருந்த குளவிக்கூடா? மொக்கம்மாள் சொன்னாளா? ஆமாம். மூன்றாம் மாதம் என்று அவள் வாயால் கேட்ட அன்றே உடைத்தேன். "வேணாம் மாமா, வயித்துப் பிள்ளைக்கு ஆகாது" என்று காலைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே புழுக்கள் இருந்தன. ஒவ்வொன்றாக நசுக்கினேன்.