நூறாவது தலை

— ஹீட்டரை அணைச்சுட்டு வண்டியை விட்டு இறங்கு டுவார்ட்டே.

— குளிருது அக்கா.

— மே மாசத்துல என்னடா குளிர்?

— மழை பெய்யுது.

— ஸ்கூல் ஜிம்முக்குக் கூரை இருக்கு. நாற்காலி இருக்கு. நீ கொண்டு வந்து இறக்கின சூப்பு அண்டாவும் அங்கதான் கிடக்கு. வழிச்சுத் துடைச்சுட்டாங்க, ஒரு கீரைத் தண்டு மிச்சமில்ல.

— அண்டாவைக் கொண்டு வந்து குடுங்க. கிளம்பறேன்.

— ஐயோ மாதாவே! இங்க எனக்கு உசிரு போகுது, இவனுக்கு அண்டா! கேளுடா. ஊர்க்கூட்டத்துல எது செல்லணும்னாலும் நூறு தலை இருக்கணும், அதுதான் கோரம். காலைல இருநூத்துச் சொச்சம் பேர் இருந்தாங்க. புது ஃபயர் என்ஜினுக்கு ஓட்டுக் கார்டைத் தூக்கினதும் ஃபயர்காரங்க மொத்தமா எழுந்து போயிட்டாங்க. நாயைக் கட்டிப் போடற தீர்மானம் முடிஞ்சதும் நாய் வச்சிருக்கிறவங்க போயிட்டாங்க. இலை ஊதற மெஷினுக்கு ஒரு பெரிய சண்டை, அதுல பாதிப் பேர் கோவிச்சுக்கிட்டுப் போயாச்சு. நம்ம கரண்டுத் தீர்மானம்தான் கடைசி.

— இப்ப எத்தனை பேர்?

— தொண்ணூத்தெட்டு. என்னையும் சேர்த்து.

— யாராவது கேட்டாத்தானே எண்ணுவாங்க.

— கேட்கறதுக்குன்னே ஒருத்தர் வந்திருக்காரே. அதோ, சைக்கிள் நிறுத்தற இடத்துல நின்னு சுருட்டுப் பிடிக்கிறாரு பாரு.

— என்னைப் பத்தின பேச்சா, ஸுல்மிரா?

— காது மட்டும் நல்லாக் கேட்குது எல்வுட் ஐயாவுக்கு!

— படகுப் பட்டறையில சுத்தியல் சத்தம் கேட்டுக் கெட்டுப்போன காதும்மா இது. என் பேர் வந்தா மட்டும் எப்படியோ கேட்டுடும். எப்படி இருக்கே தம்பி?

— இருக்கேன்.

— இருந்தாப் போதும். கேட்டுக்கோ ஸுல்மிரா, தொண்ணூத்தெட்டுன்னு நானும் எண்ணிட்டேன். இந்தச் சுருட்டு முடிஞ்சதும் உள்ள போவேன். உன் தீர்மானத்தை வாசிப்பாங்க. நான் எழுந்து பேரும் தெருவும் சொல்லி, 'கோரம் இருக்கா, எண்ணிப் பாருங்கம்மா'ன்னு கேட்பேன். கூட்டம் கலைஞ்சிடும். வீட்டுக்குப் போய்த் தூங்குவேன்.

— நீங்க உள்ள போனா உங்களையும் எண்ணுவாங்க. தொண்ணூத்தொன்பது ஆகிடும்.

— தொண்ணூத்தொன்பது நூறு இல்லையே.

— வெளியவே நின்னு தொலைய வேண்டியதுதானே!

— அப்ப யாரு கேட்கறது? உள்ள இருக்கிறவங்களுக்கு எண்ணவும் தெரியல, எழுந்திருக்கவும் சோம்பல்.

— பார்த்தியா டுவார்ட்டே? ஒரு தலை. உன் தலை. நீ வந்து அந்த ஆரஞ்சு கார்டை வாங்கி மடியில வச்சுக்கிட்டு உட்கார். பேச வேண்டாம். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

— கூட்டம் நடத்தற ஹாதவே அம்மா அஞ்சலின்னு இனேஸ் பேரை வாசிப்பாங்க.

— வாசிப்பாங்க.

— எல்லாரும் எழுந்து நிப்பாங்க. அப்புறம் திரும்பி என்னைப் பார்ப்பாங்க.

— பார்த்தா என்ன? மூணு வருஷம் அவ இதுக்காக வீடு வீடா ஏறி இறங்கினா. தனித்தனியாப் போய்க் கரண்டு வாங்கினா எவனும் மதிக்க மாட்டான், ஊரே சேர்ந்து மொத்தமாக் கேட்டா காத்தாலைக்காரனும் சோலார்காரனும் நம்ம வாசல்ல வந்து நிப்பான்னு சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ஞ்சு போனா. இன்னிக்கு விழுந்தா விழுந்ததுதான். கமிட்டின்னு இப்ப யாரு இருக்கா? நானும் அந்த ரிட்டயர்டு பாட்டு டீச்சரும். அடுத்த வருஷம் இதைத் தூக்கிக்கிட்டு யார் வருவா?

— கம்பி அதே கம்பி, கம்பம் அதே கம்பம், பில் அனுப்பறவனும் அவனேதான். இதுல என்னம்மா புதுசு?

— கம்பிக்குள்ள வர்றது யார்கிட்ட வாங்கினதுங்கறதுதான் புதுசு ஐயா. பால்காரன் மாறினா வீட்டு வாசப்படியையா மாத்துவீங்க?

— காத்து, வெயில், எனக்கு எல்லாத்தையும் பிடிக்கும். காத்துல படகு விட்டே பொழைச்சவன் நான். எனக்கு அது சண்டை இல்ல. வேண்டாம்னு தபால் கார்டு அனுப்பாத வீட்டை எல்லாம் தானாச் சேர்த்துக்குவோம்கறீங்களே, அது சண்டை.

— வேண்டாம்னா ஒரு போன் போதும். எப்ப வேணா வெளிய வரலாம். ஒரு சல்லி அபராதம் கிடையாது.

— போன் பண்ணாதவன்?

— பண்ணாதவனுக்குச் சம்மதம்னு அர்த்தம்.

— பண்ணாதவன் தூங்கிட்டு இருக்கான்னு அர்த்தம். இல்ல, சுகமில்லாமப் படுத்திருக்கான்னு அர்த்தம். இல்ல, வந்த கடுதாசி எதையும் பிரிக்காம மேஜையில போட்டு வச்சிருக்கான்னு அர்த்தம். வாயைத் திறக்காதவனை எல்லாம் 'ஆமா' பக்கம் எண்ணிக்கறது நியாயமா?

— ஒவ்வொருத்தரா வந்து சேருங்கன்னா ஊர்ல இருபது வீடு சேரும். இருபது வீட்டுக்கு எவன் விலை குறைப்பான்? எல்லாரும் உள்ள இருந்தாத்தான் அது கூட்டு. இதை இனேஸே உங்களுக்கு எத்தனை தடவை—

— அவர் சொல்றது சரி.

— என்ன?

— எல்வுட் சொல்றது சரி அக்கா.

— நீயாடா பேசறே? ரெண்டு டிகிரி வாங்கி வச்சிருக்கே, நாலு மாசமா உன் வாயிலேர்ந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம் இதுதான். அதையும் என் தங்கச்சிக்கு எதிராச் சொல்றே!

— எதிரா இல்ல.

— பின்ன என்ன? பேசாம இருக்கிறது சம்மதம் இல்லையாம்! இதை நீ சொல்லலாமா? உன் கல்யாணமே அப்படித்தானேடா நடந்துச்சு! எல்வுட் ஐயா, இந்தக் கூத்தைக் கேளுங்க. பரிசுத்த ஆவி திருவிழாவுல இவங்க ரெண்டு பேரும் சர்க்கரைல புரட்டின மலசாடாப் பணியாரம் தின்னுக்கிட்டு நிக்கறாங்க. எங்க இனேஸ் சொல்றா, 'இதைத் தின்னு முடிக்கிறதுக்குள்ள நீ மாட்டேன்னு சொல்லலைன்னா எங்க அம்மாகிட்டப் போய்ச் சொல்லிடுவேன்.' இவன் மென்னுக்கிட்டே இருக்கான். கடைசி வாயும் உள்ள போச்சு. விரல்ல ஒட்டின சர்க்கரையையும் நக்கிட்டான். ஒரு வார்த்தை பேசலையே!

— பேசலையா தம்பி?

— இல்ல.

— அவ நேராப் போய் அம்மாகிட்டச் சொன்னா, அடுத்த கோடையில கல்யாணம். கேட்கறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பா, 'அவன் ஆமான்னே சொல்லல, நான்தான் சேர்த்துக்கிட்டேன்'னு.

— அது வேற அக்கா.

— என்ன வேற?

— அப்ப எனக்குச் சம்மதம்.

— இப்ப யாருக்கு என்ன சம்மதம் இல்லாமப் போச்சு? வாயைக் கிளறாதே டுவார்ட்டே. பேச வேண்டிய இடத்துல மட்டும் உனக்கு நல்லாப் பேச வந்துச்சே! ஜனவரியில, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல, டாக்டர் உன்னைத்தானே கேட்டாரு? 'இனிமே மருந்து ஏத்த வேண்டாம், வலி மட்டும் இல்லாமப் பார்த்துக்கலாமா'ன்னு. நான் காபி வாங்கிட்டு வர்றதுக்குள்ள நீ சரின்னுட்டே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா? எங்க அம்மாவைக் கேட்டியா?

— இல்ல.

— இல்லதானே. நான் உன்னை ஒண்ணும் சொல்லல. எல்லாரும் அடக்கத்துல அழுதாங்க, நீ அழல, அதுக்கும் நான் ஒண்ணும் சொல்லல. நாலு மாசமா ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு நான் ஏன் வரலைன்னு நீயும் கேட்கல, நானும் சொல்லல. இன்னிக்கு ஒரே ஒரு நாற்காலியில வந்து உட்காருடான்னு கெஞ்சறேன். அதுக்கும் உனக்கு முடியல.

— ஸுல்மிரா, மழையில நின்னு கத்தாதேம்மா. இந்தா, என் குடைக்குள்ள வா.

— உங்க குடை ஒண்ணும் எனக்கு வேண்டாம்.

— பார்த்தியா தம்பி? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்றா. இவ குணம் எனக்குப் பிடிக்கும். கேட்டுக்கோ, உன் பொண்டாட்டி என் பட்டறைக்கு மூணு தடவை வந்தா. கடைசித் தடவை கம்பளித் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்து விட்டிருந்தா. கவுத்துப் போட்ட தோணி மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டா. 'எல்வுட், என் முகத்தைப் பார்த்து மாட்டேன்னு சொல்லுங்க பார்ப்போம்'னா.

— சொன்னீங்களா?

— சொன்னேன். நல்லாச் சத்தமாவே சொன்னேன். அவ சிரிச்சா. 'அப்பாடா, சொல்லிட்டீங்க. சொல்றவங்க எனக்குப் பயமே இல்ல. சொல்லாம மனசுல வச்சுக்கிட்டு இருக்கிறவங்கதான் எனக்குப் பயம்'னா. 'இதையே கூட்டத்துல வந்து கார்டைத் தூக்கிச் சொல்லுங்க'ன்னா. அதுக்குத்தான் முட்டி வலியோட இன்னிக்கு வந்தேன். இல்லைன்னா படுத்திருப்பேன்.

— வந்து அவ தலையிலேயே கல்லைப் போடறீங்க.

— கல்லா? எண்ணச் சொல்றது சட்டம்மா. நூறு இருந்தா நான் வாயை மூடிக்கிட்டு என் கார்டைத் தூக்கிட்டுப் போயிடுவேன். தோத்தாலும் சந்தோஷமாத் தோப்பேன். அங்க இருக்கிறதுல எண்பது பேர் உன் பக்கம்தான். எனக்குத் தெரியாதா?

— எண்பது பேர் இருந்து என்ன பிரயோஜனம்? மணி அடிக்குது கேட்குதா? தீர்மானத்தை எடுத்துட்டாங்க. டுவார்ட்டே, கடைசியாக் கேட்கறேன்டா. எனக்காக வேண்டாம், அவளுக்காக வா.

— வரேன்.

— என்ன சொன்னே?

— வரேன். சாவியை எடுத்துட்டேன். கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க, இறங்கணும்.

— மாதாவே! எல்வுட் ஐயா, சுருட்டை அணைங்க! நூறு! உங்க சட்டம், உங்க முட்டி, எல்லாம் சேர்த்து நூறு!

— அணைச்சுட்டேன், அணைச்சுட்டேன். கையைப் பிடி தம்பி, படி வழுக்குது.

— நீ எதுவும் செய்ய வேண்டாம்டா. கதவுக்கிட்ட கிளார்க் கார்டு குடுப்பா. 'ஆமாங்கறவங்க தூக்குங்க'ம்பாங்க. தூக்கினாத் தூக்கு, இல்லைன்னா மடியிலேயே இருக்கட்டும். உட்கார்ந்தாலே போதும்.

— தூக்குவேன் அக்கா.

— தூக்குவியா? என் ராஜா!

— 'வேண்டாம்' கேட்கும்போது தூக்குவேன்.

— ...என்னடா சொல்றே?

— உங்க எண்பது பேர் இருக்காங்க. பாஸ் ஆகிடும். நான் ஒருத்தன் வேண்டாம்னா ஒண்ணும் ஆகாது.

— ஆகாதுதான். அதுவா கேள்வி? அவ பேரை வாசிச்சு எல்லாரும் எழுந்து நிக்கிற இடத்துல, அவ புருஷன் எழுந்து அவ தீர்மானத்துக்கே வேண்டாம்னு சொன்னா ஊர் என்ன பேசும்? அப்படி உனக்கு என்னடா வைராக்கியம்? உன் ஒரு 'வேண்டாம்' யாருக்குப் போய்ச் சேரணும்?

— அன்னிக்கு டாக்டர் கேட்டப்போ நான் சரின்னு சொல்லல அக்கா. பேசாமத்தான் நின்னேன்.